ஈகையும் உரிமையும்

ஆபிரிக்க மக்களின் துயர் துடைக்கச் செல்வ நாடுகள் வழங்கும் மானியங்களைக் கண்டு நம்மவர் சிலர் மெய்சிலிர்த்துப் போகின்றனர். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். கொடுப்பவன் புகழைப் பாடுமுன், வாங்குபவன் எவ்வாறு இரக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டான் என்று கேட்க வேண்டாமா?

தென்னாபிரிக்காவை எடுத்துக்கொள்வோம். எயிட்ஸ் நோய் பரவிவந்த வேளையில், மலிவான மருந்துகளை இறக்குமதி செய்ய வழிவகுக்கும் சட்டமொன்றை அந்நாடு 1997 இல் இயற்றியது. மருந்து முதலாளிகள் பொறுப்பார்களா? மறு ஆண்டே வழக்குத் தொடுத்தனர். 39 கம்பனிகள் அணிதிரண்டு நின்றன. ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கு மேல் விலை கூறப்பட்ட கூட்டு மருந்தை, இந்தியாவின் சிப்லா கம்பனி 2001 பெப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. எஞ்சிய தொகை எதன் விலை என்பதை வாசகரே உணர்வர்.

வழக்காளிகளுள் ஒன்றான போரிங்கர் இங்கல்ஹைம், தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றாது தடுக்கும் நெவிரப்பின் மருந்தை வளர்முக நாடுகளுக்கு ஐந்தாண்டு காலம் இலவசமாகத் தருவதாக 2000 இல் அறிவித்தது. ஒரு கையில் தானம். மறு கையில் வழக்கு!

அந்தத் தானமேனும் தாய்மாரைச் சென்றடைந்ததா? இல்லை. தென்னாபிரிக்க அரசே அம்மருந்தை ஒரு சில பரீட்சார்த்த நிலையங்களுக்குள் முடக்கிவைத்தது. 1998 இல் தோன்றிய சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கத்தின் பின்னே நோயாளரும் தொழிற்சங்கத்தினரும் வீதிக்கு வந்தனர். 2001 ஏப்ரலில் கம்பனிகள் வழக்கை மீளப்பெற்றன. 2002 ஜூலையில், அரசின் தடையை நீக்குமாறு அரசியலமைப்பு நீதிமன்றம் பணித்தது. இலவச அறிவிப்பினால் ஆகாதது போராட்டத்தினால் ஆயிற்று.

“அப்படியாயின் மானியமே வேண்டாமென்கிறீரா?” என்று கேட்பர். அன்று. 2003 இல் அமெரிக்கா தொடங்கிய எயிட்ஸ் நிவாரணத் திட்டம் இலட்சோபலட்சம் உயிர்களைக் காத்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் 2025 ஜனவரி 20 இல் அந்நாட்டு ஜனாதிபதியின் ஒரே கையொப்பம் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. ஜூலை முதலாந் திகதியுடன் யூ.எஸ்.எயிட் நிறுவனமே தன் பணியை முடித்துக்கொண்டது. மருந்தின் பெரும்பகுதியைத் தன் திறைசேரிப் பணத்திலேயே வாங்கும் தென்னாபிரிக்காவில் மாத்திரை விநியோகம் நின்றுபோகவில்லை. மானியத்தை நம்பி நடந்த சிகிச்சை நிலையங்களோ மூடப்பட்டன, ஊழியர் வேலையிழந்தனர். அந்நிலையங்களின் நோயாளர் எந்தத் தேர்தலில் அந்த ஜனாதிபதிக்கு எதிராக வாக்களிப்பது?

இரங்கிக் கொடுத்ததை இரக்கம் தீர்ந்ததும் எடுத்துவிடலாம். போராடிப் பெற்ற உரிமையைப் பறிக்க வருபவன் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆபிரிக்கக் குழந்தைகளுக்கென்று வகுப்பறையில் உண்டியல் குலுக்கும் ஆசிரிய நண்பர்களே, குலுக்குங்கள், தடையில்லை. அதே வகுப்பில் அந்த 39 கம்பனிகளின் கதையையும் சொல்லுங்கள். இரங்கக் கற்ற மாணவன் ஏனென்று கேட்கவும் கற்கட்டும்.