கோட்டைக்காரன் கப்பலேற மாட்டான்

என்னுடன் வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவரின் குடும்பப் பெயர் மெக்கார்த்தி. போன கோடையில் அயர்லாந்து போனவர், கார்க் பக்கம் உள்ள பிளார்னி கோட்டை முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினார்: ‘எங்க பூர்வீக வீடு.’ எனக்குக் கடுப்புதான் வந்தது.

1446-இல் அதைக் கட்டியவர் ஒரு மெக்கார்த்திதான். ஆனால் கணக்குப் போடுங்கள். தலைமுறைக்கு 30 வருஷம் என்றால் 19 தலைமுறை. அந்தப் படியில் மட்டும் 5,24,288 மூதாதையர் இடங்கள். ஒரே ஆள் பல இடங்களில் வரலாம், சரி. ஆனால் குடும்பப் பெயர் ஒரே ஒரு கோட்டில்தான் வருகிறது. மற்றவர்கள் யாருமில்லையா?

அவர் வீட்டுப் பெரியவர் கப்பலேறியது 1847-இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள்; இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். கோட்டைக்காரன் பசியில் கப்பலேற மாட்டான். வாடகை கட்ட முடியாத குத்தகைக்காரன்தான் ஏறுவான். பிளார்னியோ பஞ்சத்துக்கு சுமார் 150 வருஷம் முன்பே மெக்கார்த்திகளின் கைவிட்டுப் போயிருந்தது.

‘ஏழைக்கு ஏதுப்பா ஆவணம்?’ என்றார். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பழைய கணக்கெடுப்புப் படிவங்கள் பெரும்பாலும் சாம்பலானது நிஜம். ஆனால் 1847–64 கிரிஃபித் நில மதிப்பீடு இணையத்தில் இலவசம். யார் நிலம், யார் குத்தகை என்று ஊர் ஊராக இருக்கிறது. கப்பலேறாமல் தங்கிவிட்ட சொந்தக்காரர் பெயர் அதில் அகப்படலாம்.

அந்த வயலில் போய் நில்லுங்கள் என்றேன்.

‘அங்க பார்க்க என்ன இருக்கு?’

ஒன்றும் இருக்காது. மண்குடிசை கரைந்துபோயிருக்கும். அதனாலதான் போகச் சொல்றேன்.