சோம்பேறி என்று சொல்லாதீர்கள்!

"தினமும் நடங்க. அரை மணி நேரம் கூடவா கிடைக்கல?"

சர்க்கரை நோயாளியிடம் மருத்துவர் கேட்கிறார். வீட்டில் மகன் கேட்கிறான். எதிர்வீட்டு மாமாவும் கேட்கிறார். பதில் வராவிட்டால் எல்லோரும் எழுதும் தீர்ப்பு ஒன்றுதான். சோம்பேறித்தனம்!

சொல்பவருக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. ஆனால் இது உண்மைதானா?

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். காரணம் சோம்பல்தான் என்றால், இந்த நாட்டில் ஆண்களைவிடப் பெண்களே பெரிய சோம்பேறிகள் என்று ஆகிவிடும்! விடியும் முன் எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடித்து ஓடி, பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கிறாள் ஒருத்தி. அவளைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அப்படியென்றால் தடுப்பது எது?

தெரியாமல் இல்லை

உடற்பயிற்சி நல்லது என்று தெரியாதவர் யாருமில்லை. இருந்தும் நாம் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறோம். மாரடைப்பு வரும், கால் போகும் என்று பயமுறுத்துகிறோம். பயமுறுத்தினால் என்ன நடக்கும்?

பிரிட்டனில் 248 மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனை 2002இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு இதய நோய் பற்றியும் உடற்பயிற்சியின் பலன் பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் குழு அதைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வோம் என்றும் எழுதி வைத்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்திருந்தார்கள். அறிவுரை படித்த குழுவில் 35 சதவீதம்! எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம்.

அறிவுரை ஆசையைத்தான் கூட்டியது, காலை நகர்த்தவில்லை. 'நாளையிலிருந்து நடப்பேன்' என்பது ஆசை. 'சாயங்காலம் ஆறு மணிக்கு, பையனை டியூஷனில் விட்டதும், கோயில் குளத்தைச் சுற்றி நடப்பேன்' என்பதுதான் திட்டம். அதற்கு உதவாமல் திட்டித் தீர்ப்பதில் என்ன பயன்?

பி.டி. பீரியட் தந்த பாடம்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் ஒன்றை எடுத்துச் சொன்னார். ஒருவர் ஒரு காரியத்தில் இறங்குவதும், கஷ்டம் வந்தாலும் விடாமல் தொடர்வதும், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையைப் பொறுத்தது. அந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது. தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் தரும் ஊக்கம், தன் உடம்பு காட்டும் அறிகுறிகளை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது.

இப்போது நம் பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துப் பாருங்கள். வேகமாக ஓடுபவன் மட்டும் டீமில் இருப்பான். குண்டாக இருப்பவன் ஓரத்தில் நின்று பந்து பொறுக்குவான். அவன் ஓடினால் கிளாஸே சிரிக்கும். மூச்சு வாங்கினால் 'நமக்கு இது ஆகாது' என்று முடிவு கட்டிவிடுவான். நான்கு வழியும் அடைபட்டாயிற்று!

இது போதாதென்று, ஹோம்வொர்க் செய்யாவிட்டால் தோப்புக்கரணம். லேட்டாக வந்தால் கிரவுண்டைப் பத்து சுற்று. பிளஸ் டூ வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். உடற்பயிற்சி என்பது ஒன்று தண்டனை, இல்லையென்றால் வெட்டி வேலை. பன்னிரண்டு வருடம் இதையே கற்றுக் கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் 'ஏன் ஓட மாட்டேன் என்கிறாய்?' என்று கேட்பது என்ன நியாயம்?

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

மொட்டை மாடியில் நடக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தெருவில் இடமில்லை என்பது பாதிக் காரணம்தான். புடவைக்குக் கீழே ஷூ போட்டால் ஒரு சிரிப்பு. சுடிதாரில் வேகமாக நடந்தால் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று ஒரு கேள்வி. அந்தப் பார்வைக்குக் கூசித்தான் பலர் மாடியோடு நின்றுவிடுகிறார்கள். கூச்சத்துக்கு நாம் வைத்த பெயர் சோம்பல்!

பத்தாயிரம் என்ற பூச்சாண்டி

தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்கள். அந்த எண் எந்த ஆராய்ச்சியிலும் பிறக்கவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடையை எண்ணும் ஒரு கருவியின் பெயர் அது! வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. நாளுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. முடியாத எண்ணைக் காட்டி மலைக்க வைத்தால், முடிந்ததையும் செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

'அப்படியானால் சோம்பேறிகளே கிடையாதா?' என்று கேட்கலாம். இருப்பார்கள். அவர்களும் திட்டினால் எழுந்திருக்கப் போவதில்லை! நடைபாதை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், நாய்த் தொல்லை ஒழிய வேண்டும் என்பதும் சரியே. ஆனால் பாதை போட்டால் மட்டும் போதாது, அதில் முதல் நாள் இறங்க மனசும் தயாராக வேண்டும்.

அதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். பள்ளிகளில் உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவதை நிறுத்தட்டும். கணக்கு சார் பி.டி. பீரியடைத் திருப்பித் தரட்டும். மருத்துவர் 'நடங்க' என்பதோடு நிறுத்தாமல் 'எங்கே, எத்தனை மணிக்கு?' என்று கேட்டு மருந்துச் சீட்டிலேயே எழுதட்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். நாளை காலை அம்மாவை "நடக்கப் போ" என்று விரட்டாமல், செருப்பை மாட்டிக்கொண்டு "வாம்மா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டுப் பார்க்கலாமே!