பதினெட்டைத் தாண்டியும் பூட்டிய கதவு

ஜெர்மனியின் ஹாலே நகரில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். "இருட்டுறதுக்குள்ள விடுதிக்கு வந்துடணும்" என்று நம் கல்லூரிகளில் பெண்களுக்குச் சொல்லும் விதி அங்கே இருந்தால், ஒருத்தியும் பட்டம் வாங்க முடியாது. மாலை 4:15க்கு ஒரு வகுப்பு, 6:15க்கு ஒரு செமினார். அது முடிய 7:45 ஆகும். வெளியே கும்மிருட்டு, உடம்பைத் துளைக்கும் குளிர், டிராம் நிறுத்தத்தில் என்னைப்போலவே வீடு திரும்பக் காத்திருக்கும் பெண்கள்.

நான் தாவரவியல் முதுநிலை மாணவி. பரிமாற்றத் திட்டத்தில் ஒரு குளிர்கால செமஸ்டர் மட்டும் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறேன். போய் வந்தவர்களிடம் எல்லாரும் கேட்பது ஆய்வகக் கருவிகளைப் பற்றி, பனியைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி. எனக்குச் சொல்லவேண்டியதாகத் தோன்றுவது சாவியைப் பற்றி.

குடியிருப்புக்குப் போன முதல் நாள் காப்பாளர் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். தெருக்கதவு, வீட்டுக்கதவு, என் அறை, தபால் பெட்டி. தொலைத்தால் பூட்டு மாற்றும் செலவு என்னுடையது என்று ஒரு தாளில் கையெழுத்து. அவ்வளவுதான். எத்தனை மணிக்கு வருவாய், யாரோடு போவாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பொதுச் சமையலறை ஒன்றை நான்கு பேர் பகிர்ந்துகொண்டோம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். யார் எந்த வாரம் அடுப்பைத் துடைப்பது, யார் குப்பையை இறக்குவது என்ற அட்டவணை குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பருப்பும் அரிசியும் வாங்கி வைத்துவிடுவேன். அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டை ஏற்க நாளாயிற்று. நான் வகுப்பு முடித்து டிராம் ஏறும்போது நம்மூரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். "வந்துட்டேம்மா" என்ற செய்தி வரும்வரை அவர் தூங்கமாட்டார்.

அங்கே நம்பிக்கை என்பது கண்டிப்பு இல்லாத ஒன்று அல்ல. டிராமில் நடத்துநர் கிடையாது, தடுப்பும் கிடையாது. ஆனால் சீட்டு இல்லாமல் பரிசோதகரிடம் சிக்கினால் 60 யூரோ. பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவு எடுப்பதில்லை. ஆனால் தேர்வுக்கு நாமே உரிய தேதிக்குள் பதிவு செய்யாவிட்டால், பேராசிரியரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் எழுத முடியாது. இருபத்திரண்டு வயதுக்காரியை அவர்கள் இருபத்திரண்டு வயதுக்காரியாகவே நடத்தினார்கள்.

ஆய்வகத்தில்தான் இதன் பயன் எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஒரு செடியின் மரபணுக்கள் பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் இயங்கும். அதை அளக்க ஒரு முழு நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இலை மாதிரி எடுத்து உறையவைக்க வேண்டும். நள்ளிரவு மாதிரியை நானே எடுத்தேன், அதிகாலை மாதிரியையும் நானே எடுத்தேன். கட்டடத்துக்குள் நுழைய என்னிடம் சாவி இருந்தது.

இங்கே, என் கல்லூரியில், பெண்கள் விடுதிக் கதவு மாலை 6:30க்கு மூடும். ஆண்கள் விடுதிக்கு 9:30. இரவு அளவீடு தேவைப்படும் எந்தச் சோதனையையும் மாணவிகள் எடுப்பதில்லை. எடுத்தால் இரவு வேலையை உடன்படிக்கும் மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். அவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் என் தோழியின் ஆய்வேட்டில் பாதி எண்கள் அவள் கண்ணால் பார்க்காதவை. இந்த இழப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் தெரியாது.

"அந்த ஊர் வேற, நம்ம ஊர் வேற" என்பார்கள். ஹாலே ஆபத்தில்லாத ஊர் அல்ல. 2019 அக்டோபரில் யூதர்களின் புனித நாளில் ஒருவன் துப்பாக்கியோடு அங்குள்ள ஜெபக்கூடத்துக்குள் நுழைய முயன்றான். முடியாமல் போகவே தெருவில் ஒரு பெண்ணையும் கபாப் கடையில் ஓர் இளைஞரையும் சுட்டுக் கொன்றான். வெளிநாட்டு முகத்தோடு அந்தத் தெருக்களில் நடக்கும் எங்களுக்கு அந்தப் பயம் நிஜமானது. பயம் இருந்தது என்பதற்காக யாரும் என் தெருக்கதவை வெளியிலிருந்து பூட்டவில்லை.

பெண்கள் படிப்பில் நாம் பின்தங்கி வந்தவர்களும் அல்ல. டொரோத்தியா எர்க்ஸ்லேபன் என்ற பெண் 1754இல் இதே ஹாலேயில் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் அவர்தான் முதல் பெண். அதற்கும் அப்போது ஹாலேயை ஆண்ட பிரஷ்ய மன்னரின் தனி அனுமதி வேண்டியிருந்தது. மற்றப் பெண்களுக்கு பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் முறையாகக் கதவு திறந்தது 1908இல். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முப்பத்து மூன்று ஆண்டு முன்னால் நின்ற மண் இது. இன்றும் அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்கு வந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இத்தனை பாடுபட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவந்த பெண்ணை ஆய்வகம் சுறுசுறுப்பாகும் நேரத்தில் அறைக்கு அனுப்பிவிடுகிறோம்.

சட்டமும் கல்லூரிகளின் பக்கம் இல்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை விடுதி மாணவிகள்மீது சுமத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கக் கொண்டுவந்த விதிகளிலேயே இது இருக்கிறது. அதே ஆண்டு தில்லி மாணவிகள் "பிஞ்சரா தோட்" என்ற பெயரில் விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் திரண்டார்கள். இதையெல்லாம் எங்கள் விடுதிக் காப்பாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பொறுப்பு முழுவதையும் ஒரு காப்பாளர் தலையில் கட்டியதுதான் தவறு. பொறுப்பு நிர்வாகத்தினுடையது; கதவைச் சாத்துவதால் அது நிறைவேறிவிடாது.

ஆய்வகத்திலிருந்து பெண்கள் விடுதி வரையுள்ள பாதையில் விளக்குகள் வேண்டும். இரவுக் காவலுக்கு ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். இரவு வேலை செய்பவர் ஆணோ பெண்ணோ, பெயர் எழுதிவிட்டு நுழைய ஒரே பதிவேடு போதும். இரண்டு விடுதிக்கும் ஒரே நேரம் வேண்டும். புதிய கல்வியாண்டு தொடங்குமுன் இவற்றைச் செய்யக் கேட்டு முதல்வருக்கு மனு எழுதியிருக்கிறோம். எங்கள் துறையின் மாணவிகள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறோம், இரவில் எங்களுக்காக அளவெடுத்த மாணவர்களும்.