கோடிகள் கொடுத்தவருக்கு ஒரு குடியின் பெயர் சொந்தமா?

2000ஆம் ஆண்டு டிசம்பர் 20. அமெரிக்காவின் நார்த் டகோட்டா பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் குப்செல்லாவுக்கு லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி அதிபர் ஒருவர் கடிதம் எழுதினார். பெயர் ரால்ஃப் எங்கெல்ஸ்டாட். அந்தப் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியின் பழைய கோல் கீப்பர். தன் சொந்தப் பணத்தில் அவர் அங்கே கட்டிக்கொண்டிருந்த ஹாக்கி அரங்கு அப்போது பாதி எழும்பியிருந்தது. பல்கலைக்கழக அணிகளின் பெயரான ‘ஃபைட்டிங் சியூ’வையும் அதற்குரிய சின்னத்தையும் மாற்றமாட்டோம் என்று சில நாள்களுக்குள் உறுதி தராவிட்டால் கட்டுமானத்தை நிறுத்திவிடுவேன், வெப்பமூட்டும் கருவிகளை அணைத்துவிட்டு வடக்கத்திக் குளிரில் கட்டடத்தை அப்படியே பாழாகவிடுவேன் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அந்தப் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று ஆராய ஒரு குழுவை அமைத்து, முடிவெடுக்கும் கட்டத்தில் இருந்தார் குப்செல்லா. அவர் வாய் திறக்குமுன், மறுநாளே மாநில உயர்கல்வி வாரியம் கூடியது. எட்டுக்கு எட்டு வாக்குகள்; பெயர் நீடிக்கும் என்று தீர்மானம் ஆனது. ஒரு பொதுப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டு எடுக்கவிருந்த முடிவை, நன்கொடையாளர் ஒருவரின் கடிதம் எடுத்துக்கொண்டுவிட்டது.

சியூ என்பது விலங்கோ பறவையோ அல்ல. அந்த மண்ணில் இன்றும் வாழும் தொல்குடி மக்கள். லக்கோட்டா, டகோட்டா பிரிவினரை உள்ளடக்கிய அவர்களின் பெயரைச் சுமக்கும் உரிமை யாருக்கு உண்டு, அதை யார் தரலாம் என்ற கேள்வி அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்தது. பல்கலைக்கழகம் தானாக முன்வந்து தீர்த்திருக்க வேண்டிய கேள்வி அது. தீர்க்காமல் விட்டதற்குக் காரணம், ஹாக்கி மீது அந்த ஊர் வைத்திருந்த பாசமும் அந்தப் பாசத்தின் மேல் வந்து உட்கார்ந்த பணமும்தான்.

பாசம் பொய்யானதல்ல. கிராண்ட் ஃபோர்க்ஸ் ரெட் நதிக் கரையில் உள்ள சிறிய நகரம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிவிடும். குளம், குட்டை எல்லாம் உறைந்து கிடக்கும். அங்கே பிள்ளைகள் நடக்கக் கற்ற கையோடு காலில் சறுக்குக் கத்திகளைக் கட்டிக்கொள்கிறார்கள். பக்கம் ஆறு பேராக, வளைந்த மட்டையால் ‘பக்’ எனும் ரப்பர் வில்லையைத் துரத்தி வலைக்குள் அடிக்கும் ஆட்டம் அது. பல்கலைக்கழகம் இதை அதிகாரபூர்வ விளையாட்டாக ஏற்றது 1946இல். தொடக்க ஆண்டுகளில் அணி ஆடிய பழைய கட்டடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘கொட்டகை’. கிராண்ட் ஃபோர்க்ஸிலேயே பிறந்து, தொழில்முறை ஹாக்கியின் உச்சமான என்.எச்.எல்.லில் ஆடிய முதல் நார்த் டகோட்டாக்காரர் என்ற பெருமை பெற்ற கிளிஃப் பர்பர், 1949 முதல் 1956 வரை இந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்.

1959இல் முதல் தேசியப் பட்டம் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் நடந்த இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போக, ரெக் மொரெல்லி அடித்த கோலில் மிச்சிகன் ஸ்டேட் அணி 4-3 என வீழ்ந்தது. 1963இல் இரண்டாவது பட்டம். பிறகு ஒரு நீண்ட வறட்சி. ஜீனோ காஸ்பரினி பயிற்சியாளராக வந்தபின் 1980, 1982, 1987 என மூன்று பட்டங்கள். 1987இன் அணியை ஹாக்கிப் பித்தர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள். நாற்பத்தெட்டு ஆட்டங்களில் நாற்பது வெற்றி. டோனி ஹர்காச் அந்த ஒரே பருவத்தில் 46 கோல் அடித்து, 70 கோலுக்குக் கைகொடுத்து, 116 புள்ளிகளோடு கல்லூரி ஹாக்கியின் சாதனையைத் தன் பெயரில் எழுதினார். அதே அணியின் கோல் கீப்பர் எட் பெல்ஃபர் பின்னாளில் ஹாக்கியின் புகழ்மண்டபத்தில் இடம்பிடித்தார்.

1997 மார்ச் இறுதியில் டீன் பிளேஸின் அணி பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-4 என வென்று ஆறாவது பட்டத்தோடு ஊர் திரும்பியது. மூன்றே வாரத்தில் ரெட் நதி கரைகளை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரமே காலியானது. வெள்ளம் சூழ்ந்த கடைவீதியில் தீயும் பிடித்து, பதினொரு கட்டடங்கள் எரிந்தன. வீடிழந்த மக்களுக்கு அந்த ஆண்டு மகிழ்ச்சியென்று சொல்லிக்கொள்ள எஞ்சியது அந்தக் கோப்பை. இப்படிப்பட்ட ஊரில் ஹாக்கி அணியின் பெயரைத் தொட்டால் ஏன் அவ்வளவு கொந்தளிப்பு என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். புரிந்துகொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

அந்தப் பெயர் வந்த கதையைப் பார்க்க வேண்டும். 1930 வரை பல்கலைக்கழக அணிகளுக்கு ‘ஃபிளிக்கர்டெயில்ஸ்’ என்று பெயர். அந்தப் பகுதியின் தரை அணில். போட்டிக் கல்லூரியின் அணியோ பைசன், அதாவது காட்டெருமை. காட்டெருமையிடம் அணில் என்ன செய்யும்? காட்டெருமையை வேட்டையாடி வீழ்த்தியவர்கள் சியூக்கள். எனவே அவர்கள் பெயரை வைப்போம் என்று மாணவர் பத்திரிகையில் பிரச்சாரம் நடந்தது. பெயர் மாறியது. தொல்குடியினர் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அமெரிக்கத் தொல்குடியினர் அனைவருக்கும் சட்டப்படி குடியுரிமை கிடைத்ததே 1924இல்தான். சியூக்களின் பெருந்தலைவர் சிட்டிங் புல், ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கீட்டு நிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது 1890 டிசம்பரில். அதே மாத இறுதியில் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ராணுவத்தால் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்தக் கொலைகளைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடிருந்த காலத்தில், நாற்பதே ஆண்டுகள் கழித்து, அவர்களின் பெயர் ஒரு விளையாட்டு அணியின் மேல் சூட்டப்பட்டது.

இதை ‘மரியாதை’ என்றார்கள் ஆதரவாளர்கள். மரியாதையின் லட்சணத்தை வளாகத்தில் படித்த தொல்குடி மாணவர்கள் அறிவார்கள். 1972இல் குளிர்கால விழாவுக்காக மாணவர் சங்கம் ஒன்று பனியில் செதுக்கிய தொல்குடிப் பெண்ணின் ஆபாச உருவம் கைகலப்பில் முடிந்தது. அந்த விழாவையே நிறுத்தினார் அப்போதைய தலைவர் டாம் கிளிஃபர்ட். 1992இல் பல்கலைக்கழக விழா ஊர்வலத்தில், மரபு உடையணிந்து வண்டியில் ஆடிவந்த தொல்குடிக் குழந்தைகளைப் பார்த்து மாணவர்கள் சிலர் வசைமாரி பொழிந்தார்கள். அதே ஆண்டு ஸ்டாண்டிங் ராக் பேரவை பெயரைக் கைவிடும்படி தீர்மானம் போட்டது. எங்கெல்ஸ்டாட் கடிதம் எழுதுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, சம்பந்தப்பட்டவர்களின் பதில் எழுத்தில் வந்துவிட்டது.

எங்கெல்ஸ்டாட்டின் கொடையைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அவர் எழுப்பிய அரங்கு 2001 அக்டோபரில் திறக்கப்பட்டது. கிரானைட் தரை, தோல் உறையிட்ட இருக்கைகள், பதினோராயிரத்துக்கு மேல் பார்வையாளர்கள். கல்லூரி ஹாக்கி அதுவரை கண்டிராத ஆடம்பரம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சியூ சின்னம் பதிக்கப்பட்டிருந்தது. தரையில், கதவில், இருக்கை வரிசைகளின் ஓரத்தில் எல்லாம். என்றாவது ஒருநாள் பெயரை மாற்ற நினைத்தாலும், மாற்றும் செலவே தடையாக நிற்கட்டும் என்ற கணக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

கொடுத்தவரின் வரலாறும் கொஞ்சம் நினைவில் இருக்க வேண்டும். தன் லாஸ் வேகஸ் விடுதியில் ஹிட்லரின் பிறந்தநாளையொட்டி விருந்துகள் நடத்தியதற்காக 1989இல் நெவாடா அதிகாரிகள் அவருக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். இது தெரிந்தும், பதினோரு ஆண்டுகள் கழித்து அவர் சொல்லுக்கு வாரியம் ஒருமனதாகத் தலையாட்டியது. இனங்களின் மாண்பைப் பற்றிய ஒரு விவாதத்தில் தீர்ப்பு சொல்லத் தகுதியானவரா அவர் என்று அந்த எட்டுப் பேரில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

2005இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, தொல்குடிகளைப் புண்படுத்தும் பெயரும் சின்னமும் உள்ள அணிகள் தேசியப் போட்டிகளில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வகுத்தது. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் செமினோல் மக்களின் ஒப்புதலைக் காட்டி விலக்குப் பெற்றது. நார்த் டகோட்டாவோ வழக்குத் தொடுத்தது. 2007இல் சமரசம் ஏற்பட்டது: ஸ்பிரிட் லேக், ஸ்டாண்டிங் ராக் ஆகிய இரு சியூ குடிகளும் மூன்று ஆண்டுகளுக்குள் சம்மதித்தால் பெயர் இருக்கலாம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வாதத்துக்கு உரிய எடை தர வேண்டும். 2009இல் ஸ்பிரிட் லேக் மக்கள் நடத்திய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் பெயரை ஆதரித்தார்கள். 1969இல் ஸ்டாண்டிங் ராக் பெரியவர்கள் வந்து சடங்கு செய்து பெயரை வழங்கினார்கள் என்று சொல்லும் தொல்குடியினரும் உண்டு. 2000இல் ஏற்கப்பட்ட சின்னத்தை வரைந்தவர் பென்னட் பிரையன் என்ற ஒஜிப்வே கலைஞர். தொல்குடி மருத்துவர்களை உருவாக்கும் திட்டத்தை 1973 முதல் நடத்தி வருவதும் இதே பல்கலைக்கழகம்தான். அதனால், தொல்குடியினர் எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது.

ஆனாலும் ஸ்டாண்டிங் ராக் பேரவை அசையவில்லை. சம்மதம் இரு குடிகளிடமும் வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருவர் மறுத்த பிறகு பேச இடமில்லை. மாநிலச் சட்டமன்றமோ 2011இல் பெயரைக் கட்டாயமாக்கி ஒரு சட்டமே இயற்றியது! ஒரு குடி தன் பெயரைத் தர மறுக்கிறது. அரசு சட்டம் போட்டு அதை எடுத்துக்கொள்கிறது. சியூக்களின் நிலம் பறிபோன வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எப்படி ஒலித்திருக்கும்? அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சட்டம் ரத்தானது. ஆதரவாளர்கள் கையெழுத்துத் திரட்டிப் பிரச்சினையை வாக்குப்பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். 2012 ஜூனில் மாநில வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெயரைக் கைவிடச் சம்மதித்தார்கள். அந்தப் பெரும்பான்மைக்குப் பின்னால் சியூக்கள் மீதான மரியாதையைவிட, என்.சி.ஏ.ஏ.வின் தடைகளால் அணி நலிந்துவிடுமோ என்ற அச்சமே அதிகம் இருந்தது. முடிவு சரியானது, வந்த வழி பெருமைப்படக்கூடியதல்ல.

பெயர் போனால் மரபே போய்விடும் என்று பத்தாண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில் ‘ஃபைட்டிங் ஹாக்ஸ்’ என்ற புதுப் பெயர் தேர்வானது. அந்தப் பருவத்திலேயே, 2016 ஏப்ரலில், டாம்பா நகரில் குயினிபியாக் அணியை 5-1 என்று வீழ்த்தி எட்டாவது தேசியப் பட்டத்தை வென்றது அணி. பயிற்சியாளர் பிராட் பெரிக்குத் தலைமைப் பொறுப்பில் அது முதல் ஆண்டு. பழைய சின்னம் இல்லாத சட்டையோடு ஆடிய அந்தப் பிள்ளைகள் முந்தைய எந்த அணிக்கும் குறைந்தவர்களாக இல்லை. ரெக் மொரெல்லியின் கோலும் ஹர்காச்சின் புள்ளிகளும் அவரவர் உழைப்பில் விளைந்தவை. இன்னொரு மக்களின் பெயரிலிருந்து கடன் வாங்கியவை அல்ல. தேசிய கீதத்தின் கடைசிச் சொல்லை மாற்றி ‘சியூ’ என்று கத்தும் ரசிகர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் வீரர்களைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

பணம் எங்கே பாய்ந்தது, எங்கே பாயவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2002இல் தொடங்கிய இதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2017 மார்ச்சில் சிக்கன நடவடிக்கை என்று கலைக்கப்பட்டது. வீராங்கனைகள் பயிற்சியில் இருந்தபோதே செய்தி வந்துசேர்ந்தது. அந்த அணியில் ஆடியவர்கள் கிராண்ட் ஃபோர்க்ஸின் மகள்களான இரட்டையர், மோனிக் லாமரூவும் ஜோஸ்லின் லாமரூவும். ஓராண்டுகூட ஆகவில்லை, 2018 பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக் இறுதியில் கனடாவுக்கு எதிராக ஆட்டத்தைச் சமன் செய்த கோலை மோனிக் அடித்தார், தங்கம் தந்த கடைசி கோலை ஜோஸ்லின் அடித்தார். கிரானைட் தரைக்குக் கோடிகள் இருந்த இடத்தில், இத்தகைய பெண்களை வளர்த்த அணிக்கு இடமில்லாமல் போனது.

பல்கலைக்கழகம் இன்று செய்யக்கூடியவை இருக்கின்றன. அரங்கின் முன்னால் குதிரைமேல் அமர்ந்த சிட்டிங் புல்லின் சிலை நிற்கிறது. அவருடைய ஸ்டாண்டிங் ராக் மக்கள் 1992இலேயே இந்தப் பெயரை வேண்டாம் என்றார்கள் என்பதை அந்தச் சிலையின் அடியில் பொறிக்க வேண்டும். எட்டுப் பட்டங்களைக் கொண்டாடும் அரங்கில் 2000 டிசம்பர் கடிதமும் எட்டு வாக்குத் தீர்மானமும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இனி எந்த நன்கொடை ஒப்பந்தத்திலும் பெயர், சின்னம், பாடம் ஆகியவற்றில் கொடுப்பவர் தலையிட முடியாது என்று உயர்கல்வி வாரியம் எழுத்தில் விதி வகுக்க வேண்டும். கலைத்த பெண்கள் அணியை மீண்டும் தொடங்குவதற்கு எங்கெல்ஸ்டாட் குடும்ப அறக்கட்டளையிடமே கேட்கலாம். இந்த முறை நிபந்தனை இல்லாமல்.