சுவரில் கடப்பாறை விழும் முன்

செட்டிநாட்டு ஊர்களான ராயவரம், அரிமளம், கடியாபட்டியின் பழைய நகரத்தார் வீடுகளுக்குள் புதிய சமையலறையும் குளியலறையும் கேட்பது நியாயமே. ஆனால் இவை கான்கிரீட் தூண்களில் நிற்கும் வீடுகள் அல்ல; செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவரே கூரையின் பாரத்தைச் சுமக்கிறது. ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்தால், உத்தரமும் ஓடும் கீழே நிற்கும் கூலித் தொழிலாளியின் தலையில் இறங்கலாம். முட்டுக் கொடுக்காமல் கடப்பாறையைத் தூக்கச் சொல்வது குற்றம்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை இன்றும் வார்க்கிறார்கள்; உடைந்தால் மாற்றலாம். ஆனால் பர்மா தேக்குத் தூண் போனால் போனதுதான். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருந்தும், வீடுகளுக்குள் நடக்கும் இடிப்பைக் கேட்பாரில்லை. இடிபாட்டைக் கண்மாயில் கொட்டுவதும் தொடரக் கூடாது. பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் எந்த உட்சுவரையும் தொட ஊராட்சிகள் விடக் கூடாது.