ஏ.எஸ்.ஆர். 368: பொறுப்பு யாருடையது?

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் ஏ.எஸ்.ஆர். 368 என்னும் படர் பென்ட் புல்லை அமெரிக்க விவசாய இலாகா 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. அதனை உருவாக்கிய ஸ்காட்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவருவதில்லை என்று உறுதி கூறியிருப்பதால், நமக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்போர் உண்டு. அந்த அபிப்பிராயம் நமக்குச் சம்மதமன்று.

போவா அன்னுவா என்னும் களைப்புல் மண்டிய கோல்ஃப் கிரீனை அழித்து, மண்ணுக்கு டாசோமெட் மருந்து இட்டு, ஆட்டத்தையும் நிறுத்தி, புது விதை தூவிக் காத்திருந்த பின்னும், மண்ணில் உறங்கிய போவா இலையுதிர்காலத்தில் மீண்டும் முளைப்பதைக் கண்டு மனம் சோர்ந்த பராமரிப்பாளருக்கு, விதைத்ததை விட்டுக் களையை மட்டும் மாய்க்க வழி செய்யும் புல் வரப்பிரசாதமாகத் தோன்றியது இயல்பே. ஆனால் கிலோவுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட விதைகள் கொண்டதும், காற்றில் மகரந்தம் பரப்புவதும், ஓடுதண்டின் துண்டொன்று நீரில் மிதந்து கரை ஒதுங்கினும் வேர் பிடிப்பதுமான ஒரு புல்லை எல்லைக்குள் அடக்கலாம் என்ற எண்ணம், ஆரெகன் மாநிலத்தில் மாட்ரஸ் அருகே பயிரான வயல்களின் மகரந்தம் 2003-லேயே 21 கிலோமீட்டர் சென்று கருவூட்டியபோது பொய்த்துப் போயிற்று. ஸ்காட்ஸுக்கு 2007-ல் விதிக்கப்பட்ட ஐந்து லட்சம் டாலர் அபராதம் அந்தப் புல்லைத் திரும்ப அழைத்துவிடவில்லை.

நமது தொழில் தன் கணக்கைக் கிரீனின் ஓரத்தோடு முடித்துக்கொள்ளலாகாது என்பதை இப்பக்கங்களில் நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறோம். இன்று ஆரெகனின் மால்ஹூர் மாவட்டத்துப் பாசன வாய்க்கால்களில் தப்பிய அந்தப் புல் கரையோரம் பாய்போல் படர்ந்து, வண்டலைப் பிடித்து, நீரோட்டத்தை நெரிக்கிறது. நீரருகே தெளிக்க அனுமதிக்கப்பட்ட சில மருந்துகளுள் விவசாயி பெரிதும் நம்பியிருந்ததோ கிளைபோசேட். அதுவே இதனிடம் பலிப்பதில்லை. அவர் இப்புல்லை விரும்பவுமில்லை, விதைக்கவுமில்லை, இதனால் ஒரு காசு லாபம் கண்டவருமில்லை. ஆயினும் அதனைக் களையும் சுமை மட்டும் அவர் தலைமேல் விழுகிறது.

இலாகா சொல்வது, இது தாவரங்களுக்குப் பீடையாகும் அபாயம் இல்லை என்பதாகும். கேள்வி பீடையைப் பற்றியதன்று, களையைப் பற்றியது. களைகளை ஒடுக்கச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கையிலெடுக்காமல், 2011-ல் கிளைபோசேட் தாங்கும் கென்டக்கி நீலப்புல்லைத் தன் விதிகளுக்கு உட்பட்டதன்று என்று விலக்கிவைத்த அதே மனப்பான்மையுடன், தப்பிய பயிர் தப்பியபடியே இருக்கட்டும் என்று 2017-லும் கோப்பை மூடியது, பொதுமக்கள் நம்பி ஒப்படைத்த காவலை இடைவழியில் கைவிடுவதேயாகும்.

தப்பிய புல்லைக் களையும் செலவு இன்னாரைச் சாரும் என்பது முன்கூட்டியே சாசனமாக எழுதப்படும்வரை, களைக்கொல்லியைத் தாங்கும் எந்தப் படர்புல்லையும் கிரீன் புதுப்பிப்புக்கு இப்பத்திரிகை சிபாரிசு செய்யாது. நம் வாசகர்களும் அத்தகைய விதைக்கு இடந்தரலாகாது.