சிறகிருந்தும் கடக்காத பறவை

“பறவைதானே, ஒரு காடு அழிந்தால் இன்னொன்றுக்குப் பறந்து போகாதா?” மலையுச்சிச் சோலைக் காடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். சோலைக்கிளியை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

பெயரில் கிளி இருந்தாலும் இது ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சிறு பறவை. பழனி, ஆனைமலை உச்சிகளில் வாழும் இனத்துக்கு ஈய நீல உடல், வெள்ளை வயிறு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்வது வேறோர் இனம். அதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. இடையில் இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் தாழ்நிலம்தான். ஆனால் அது வெயில் காயும் நிலம். குளிர்ந்த சோலைக்குப் பழகிய பறவை அதைக் கடக்கவில்லை. நெடுங்காலம் கலக்காமலேயே இருந்து இரண்டும் வெவ்வேறு இனங்களாகிவிட்டன. 2017இல் மரபணு ஆய்வின் துணையோடு இவற்றுக்கென ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தையே வகுத்தார்கள்.

சோலையின் தரைதான் இதன் உலகம். பாசி படிந்த வேர்களுக்கும் புதர்களுக்கும் நடுவே, நீண்ட கால்களால் தத்தித் தத்திப் பூச்சி தேடும். கூடு மரப்பொந்தில் அல்லது மண்கரைக் குழியில். விடியலிலும் அந்தியிலும் காட்டோரம் வரை வரும், அவ்வளவுதான். இதைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது. ஆணின் பாட்டு நீளமானது, சிக்கலானது. பெண்ணும் தனக்கென ஒரு பாட்டு வைத்திருக்கிறது என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு விவரித்தது. ஆண்தான் பாடும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஐரோப்பியப் பறவைகளைப் பார்த்து எழுதிய பாடம் அது. வெப்பமண்டலத்தில் பெண் பறவை பாடுவது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மலையுச்சியில் சோலைகள் மடிப்புகளில் ஒதுங்கியிருக்க, சரிவெங்கும் புல்வெளி பரந்திருப்பது மரம் வெட்டியதால் வந்த நிலைமை அல்ல. உறைபனியும் காற்றும் தீயும் சோலை மரக் கன்றுகளைத் திறந்தவெளியில் வளரவிடாததால் இயல்பாகவே அமைந்தது. அதைத் தரிசு என்று நினைத்துத்தான் ஆங்கிலேயரும், பிறகு நம் வனத்துறையும் சீகை (வாட்டில்), யூக்கலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். தேயிலையும் குடியிருப்பும் சோலைகளையே தின்றன. முன்பே தீவுகளாகக் கிடந்த சோலைகள் இன்னும் துண்டுபட்டன. இந்த அண்மைக்காலத் துண்டாடலின் தடம் சோலைக்கிளியின் மரபணுவிலேயே தெரிவதை 2015இல் வந்த ஆய்வு காட்டியது.

அதற்காகச் சீகையை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டிவிடலாமா? புல்வெளிக்குள் புதிதாகப் பரவுவதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் பழனி மலையில் முதிர்ந்த சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே கோடரியோடு போவதற்கு முன், மரத்தடியில் என்ன வளர்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.